சாயாக்கடையில் வாசித்த நம்பர்கள்

ஆரல்வாய்மொழியில் ஒரு பிள்ளை பரீட்சையில் தேறியதா இல்லையா என்பது அந்த வீட்டு விவகாரமாக ஒருபோதும் இருந்ததில்லை. எழுபதுகளில் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் பேப்பரில் வெறும் நம்பர்களாக வரும். திருநெல்வேலிப் பக்கமிருந்து பஸ்ஸில் பேப்பர்க் கட்டு வந்து இறங்குவதற்குள் சாயாக்கடை முன்னால் கூட்டம் கூடிவிடும். பரீட்சை எழுதியவன் கைக்குப் பேப்பர் முதலில் போகாது. கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் உரக்க வாசிப்பார். "ஒன் நம்பரச் சொல்லு மக்கா" என்று கேட்பவர் என் அப்பாவுக்கே அவ்வளவாகப் பழக்கமில்லாதவர். பாஸானவனுக்குச் சாயாவும் ரசவடையும் கடைக்காரர் கணக்கில். பெயிலானவனுக்கும் உண்டு, அவன் மட்டும் உள்பெஞ்சில் உட்கார்ந்து தின்னவேண்டும்.

இரண்டு பக்கமும் மலை, நடுவே கணவாய், அதன் வாயில் ஊர். வருகிறவர் போகிறவர் எல்லோரும் எங்கள் கண்ணில் பட்டுத்தான் ஆகவேண்டும். 1809-ல் திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பியின் கோட்டை மதிலைக் கும்பெனிப் படை உடைத்தது இங்கேதான். அதே வாக்கில் பக்கத்து மயிலாடியில் ரிங்கல்தௌபே பாதிரியார் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். படிப்புச் செலவை அரசாங்கமே ஏற்கவேண்டும் என்று திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் உத்தரவு போட்டது 1817-ல். அந்த உத்தரவு எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் எட்ட நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதை யாரும் அவ்வளவு பெருமையாகச் சொல்வதில்லை.

திருவிதாங்கூர் ராஜா காலத்துப் பள்ளியில் மன்னர் வாழ்த்தான வஞ்சீச மங்களம் பாடித்தான் பொழுது தொடங்கும். 1956 நவம்பர் முதல் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. எல்லைச் சாவடி ஊராக இருந்தது ஒரே நாளில் நடுவழி ஊராயிற்று. பெரியப்பா வாய்ப்பாட்டை மலையாளத்தில் படித்தவர். கடைசிவரை மனக்கணக்கை மலையாளத்தில் போட்டு விடையைத் தமிழில் சொல்வார். நாங்கள் காகிதத்தில் போட்டு முடிக்குமுன் அவருக்கு விடை வந்திருக்கும்.

எங்கள் வகுப்புப் பெஞ்சுகளின் முதுகில் வெள்ளைப் பெயின்டில் 'உபயம்' என்று எழுதி, கீழே பெயர் இருக்கும். காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்தபோது, 1958-லிருந்து ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர்க்காரர்கள் பெஞ்சும் கடிகாரமும் கரும்பலகையும் கொடுத்தார்கள். அந்த வேகம் எங்கள் பக்கமும் வீசியது. செங்கல்சூளைக்காரர்கள் வண்டி வண்டியாகக் கல் இறக்கினார்கள். கையில் காசில்லாதவர்கள் ஒருநாள் மண் சுமந்தார்கள். அப்பா சுமந்த சுவரைக் காட்டி, "இதுல ஏறி உக்காராதலே, நான் சொமந்த சொவராக்கும்" என்பார். 1969-ல் அதே காமராஜர் நாகர்கோவில் தொகுதியில் நின்று ஜெயித்தபோது, ஓட்டுப் போட்டவர்களுக்கு அந்தச் சுவர்தான் நினைவில் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

இனி வாலிபால். இதைச் சொல்லாமல் எங்கள் பள்ளியைச் சொல்ல முடியாது. இடவப்பாதி தொடங்கினால் கணவாய் வழியாகக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே பாயும். முப்பந்தலில் இன்று இத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அந்தக் காற்றின் போக்கிலேயே எங்கள் மைதானம் நீளமாகக் கிடந்தது. மேற்குப் பக்கம் நின்று சர்வீஸ் போட்டால் லேசாகத் தட்டினாலே பந்து எதிர்க்கோட்டைத் தாண்டிப் போய்விடும். கிழக்கே நின்றால் முழு பலத்தோடு அடித்தாலும் வலை மேலே சற்றுத் தயங்கி, நின்ற இடத்துக்கே திரும்பப் பார்க்கும். எங்கள் பையன்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. பந்தை இரண்டு கை அகலம் தள்ளி அடித்து, மிச்சத்தைக் காற்றிடம் விட்டுவிடுவார்கள். வெளியூர் டீம் முதல் செட்டில் திகைத்து, இரண்டாவதில் சலித்து, மூன்றாவது ஆடாமலே தோற்றுப் போகும். ஆனால் அதே எங்கள் டீம் நாகர்கோவிலுக்குப் போனால் கதை வேறு. காற்றில்லாத இடத்தில் அடித்த பந்து அடித்த இடத்துக்கே போவது அவர்களுக்குப் பெரிய குழப்பம். வரிசையாக அவுட். "அங்க காத்தே இல்ல சார்வாள், எப்படி ஆடுகது?" என்று கேப்டன் கேட்க, பி.டி. சார் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ஒரு மாசம், பொழுது விடியுமுன் காற்று அடங்கியிருக்கும் நேரத்தில் பயிற்சி. அந்த அதிகாலைக்கு யாரோ ஒரு வீட்டிலிருந்து தினமும் சுக்குக்காப்பி வந்தது. அடுத்த தடவை கோப்பையோடு திரும்பியபோது, அது எங்கள் கோப்பை என்று அந்த வீட்டுக்காரரும் சொல்லிக்கொண்டார்.

பெண்பிள்ளைகளின் வெற்றிக்கு இப்படிச் சத்தம் கிடையாது. பக்கத்துத் தோவாளைச் சந்தைக்குப் பிச்சியும் மல்லியும் கட்டிக் கொடுக்கிற வீடுகள் பல. கேரளத்தில் ஓணம் வந்தால் பூவுக்கு ஏகக் கிராக்கி. காலாண்டுப் பரீட்சையும் அதை ஒட்டியே வரும். எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்த அக்கா ஒருத்தி, கை நாரிலும் காது பாடத்திலுமாக அந்த வாரங்களைக் கடத்துவாள். தம்பிக்காரன் சரித்திரப் புத்தகத்தை உரக்க வாசிக்கவேண்டும். அவன் தடுமாறினால் அவள் எடுத்துக் கொடுப்பாள். எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கு அவள்தான் முதல். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரும் சூளைக்காரர் ஒருவரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். நாகர்கோவில் ஹோலி கிராஸ் கல்லூரியில் பி.யூ.சி. பீஸ் கட்டியாயிற்று. தம்பி மூணு வருஷப் பாடத்தையும் முன்கூட்டியே வாசித்துவிட்டு, பிறகு சரித்திரத்தில் மட்டும் பெயிலானான். பெஞ்சு முதுகுகளில் இருந்த பெயரெல்லாம் ஆம்பிளைகள் பெயர் என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.

2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்ட எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். அதில் அந்த அக்கா மாதிரி பூக்கட்டின கைகளின் பங்கும் இருக்கிறது. இப்போது தனியார் பள்ளி வேன்கள் காலையில் தெருத்தெருவாகப் பிள்ளைகளை அள்ளிப் போகின்றன. மறுபக்கம், அரசுப் பள்ளிகளுக்கு 'கல்விச் சீர்' என்று தட்டு வரிசையோடு ஊர்வலம் போகும் வழக்கம் தமிழ்நாட்டில் பல ஊர்களில் வந்திருக்கிறது. நாற்காலி, பீரோ, தண்ணீர் அண்டா. பார்க்க அழகுதான். 2022 டிசம்பரில் அரசே 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்று நன்கொடைத் திட்டம் தொடங்கியது. ஊர் கொடுப்பது நல்லது. ஊர் கொடுக்கும் என்று அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டால் அது 1817-க்கும் பின்னால் போவது.

2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக, பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்கிறது. போன தடவை ஊருக்குப் போனபோது பக்கத்து ஊரில் அப்படி ஒரு கூட்டத்தில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பழைய மாணவர்கள் சிலர், நல்ல மார்க்கு வாங்கின பிள்ளைகள் படம் போட்டுப் பெரிய ஃப்ளெக்ஸ் வைப்பதாகச் சொன்னார்கள். பூக்கட்டுகிற அம்மா ஒருத்தி எழுந்தாள். "படம் நல்லதுதான். ஆனா டீச்சர், பொம்பளப்பிள்ளையள் கக்கூசுல தண்ணி வரல்ல. எட்டாங்கிளாசுப் பிள்ள மாசத்துல மூணு நாளு வீட்டுல இருக்கா. அந்த ஃப்ளெக்ஸுக்கு எம்புட்டு ஆவும்?"

தொகையைச் சொன்னார்கள். அவள் அங்கேயே விரல்விட்டுக் கூட்டி, குழாய்க்கும் மோட்டாருக்கும் போக மிச்சம் வரும் என்றாள். ஃப்ளெக்ஸைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை. பிளம்பரை யார் கூப்பிடுவது என்பதில்தான் இரண்டு பேருக்குள் சண்டை வந்தது.