திருமலை வீதிகளும் வேகம் பிடிக்கும் கருவியும்

திருகோணமலை நகருக்கு வந்து சேர நான்கு பெரிய வீதிகள் உண்டு. ஹபரணையிலிருந்து கந்தளாய், தம்பலகாமம் ஊடாக வருவது ஏ6 வீதி. அனுராதபுரத்திலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக வருவது ஏ12. மட்டக்களப்பிலிருந்து வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா என்று கடலோரமாக வருவது ஏ15. நான்காவது, வடக்கே புல்மோட்டையிலிருந்து குச்சவெளி, நிலாவெளி, உப்புவெளி ஊடாக இறங்கும் வீதி. துறைமுகத்தை நோக்கி வரும் இந்த நான்கு வீதிகளிலும் நம் பெண்கள் ஒரு காலத்தில் மூட்டை முடிச்சுகளோடு நடந்திருக்கிறார்கள். இன்று அதே வீதிகளில் பஸ்ஸிலும் ஓட்டோவிலும் ஸ்கூட்டியிலும் போய் வருகிறார்கள்.

அந்தக் காலத்தில் வீதியில் வேகம் என்ற பேச்சே இல்லை. சில மைல்களுக்கு ஒரு சோதனைச் சாவடி. இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, மறுபக்கம் நடந்துபோய் மீண்டும் பஸ்ஸில் ஏற வேண்டும். கிண்ணியாவில் பாலம் இல்லை. 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவையில்தான் வாகனமும் மனிதரும் அக்கரை சேர வேண்டும். மூதூர் மக்களுக்கு லோஞ்ச்தான் கதி. 2006 ஆகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டபோது ஆயிரக்கணக்கானோர் கைக்குழந்தைகளுடன் கந்தளாய் நோக்கிக் கால்நடையாகவே போனார்கள். அவர்களில் சிலர் இந்தப் பக்கங்களை இப்போது படித்துக்கொண்டிருக்கக்கூடும்.

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 2011இல் ஏ15 வீதியின் மற்றத் துறைகளிலும் பாலங்கள் வந்தன. குண்டும் குழியுமாகக் கிடந்த வீதிகளுக்குக் காப்பெட் போட்டார்கள். சாவடிகள் மெல்ல மெல்ல எடுபட்டன. ஒரு நாள் முழுக்க எடுத்த பயணம் சில மணித்தியாலத்தில் முடிந்தது. இது நமக்குக் கிடைத்த பெரிய ஆறுதல்தான்.

காப்பெட் வீதி வந்ததும் வேகமும் வந்தது. வேகத்தின் பின்னால் அதைப் பிடிக்கும் கருவியும் வந்தது.

மர நிழலில் ஒரு கண்

திருமலையிலிருந்து ஹபரணைப் பக்கம் பஸ்ஸில் முன் ஆசனத்தில் இருந்து போனால் ஒரு விடயத்தைக் கவனிக்கலாம். எதிரே வரும் லொறிக்காரர் பகல் வெளிச்சத்தில் விளக்கை இரண்டு தரம் மின்னவிடுவார். நம் சாரதி உடனே காலைத் தளர்த்துவார். சிறிது தூரம் போனால், வளைவு முடியும் இடத்தில், மர நிழலில் போக்குவரத்துப் பொலிஸார் இருவர் நிற்பார்கள். ஒருவர் கையில் வேகம் அளக்கும் கருவி. அவர்களைத் தாண்டியதும் பஸ் பழைய வேகத்துக்குப் போய்விடும். பிறகு நம் சாரதியும் எதிரே வருபவருக்கு விளக்கை மின்னவிடுவார்.

சாரதிகளிடம் கேட்டால் கோபமாகத்தான் பேசுகிறார்கள். "விபத்து நடக்கிற இடத்தில நிக்க மாட்டினம், வீதி நேரா இருக்கிற இடத்திலதான் நிப்பினம்" என்பது ஒரு குறை. பட்டணம் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் பலகை மரக்கிளையில் மறைந்திருக்கிறது என்பது இன்னொன்று. இந்தக் குறை நியாயமானது. ஏனென்றால் சட்டத்தில் இரண்டு வேகம் இருக்கிறது. ஊர்மனைக்குள் காருக்கும் பஸ்ஸுக்கும் மணிக்கு 50 கிலோமீற்றர். ஊர்மனைக்கு வெளியே காருக்கு 70, பஸ்ஸுக்கு 60. ஓட்டோவுக்கு எங்கே போனாலும் 40தான். நாலைந்து கடையும் ஒரு சந்தியும் உள்ள இடம் ஊர்மனையா இல்லையா என்று பலகை இல்லாமல் யார் சொல்வது?

ஓட்டோ ஓட்டும் சகோதரி

இந்த விடயம் பெரிய பஸ் முதலாளிகளின் பிரச்சினை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நம் பக்கத்தில் ஓட்டோ ஓட்டும் ஒரு சகோதரி இருக்கிறார். யுத்தத்தில் கணவரை இழந்தவர். லீசிங்கில் எடுத்த ஓட்டோவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி இரண்டு பெண் பிள்ளைகளை வளர்க்கிறார். ஒரு நாள் நோயாளி ஒருவரைத் தூர ஊருக்கு ஏற்றிப் போனபோது, வழியில் ஒரு சிறு பட்டணத்தில் பிடிபட்டார்.

"நாற்பதில போனா பின்னால வாற பஸ் ஹோன் அடிச்சுத் துரத்துது. கொஞ்சம் கூட்டிப் போனா பொலிஸ் பிடிக்குது. எங்க போறது அக்கா?" என்று கேட்டார்.

அவருக்குத் தண்டப்பணத்தை விடப் பெரிய நட்டம் வேறொன்று. பொலிஸார் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு தண்டச் சீட்டைக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டு 14 நாளைக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரமாகச் செல்லும். அதற்குள் தபாலகத்தில் பணம் கட்டி, பற்றுச்சீட்டோடு பிடித்த பொலிஸ் நிலையத்துக்கே போய்த்தான் அனுமதிப்பத்திரத்தை மீட்க வேண்டும். தூர ஊரில் பிடிபட்டவருக்கு அது ஒரு நாள் உழைப்பும் போக்குவரத்துச் செலவும். முதல் தரம் போனபோது பொறுப்பானவர் இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆக, இரண்டு நாள் உழைப்புப் போனது. அந்த மாத லீசிங் பணத்துக்குக் காதுத் தோடு அடகுக் கடைக்குப் போனது.

மறுபக்கமும் உண்டு

புல்மோட்டை வீதியோரக் கிராமம் ஒன்றில் ஒரு தாயைச் சந்தித்தேன். யுத்த காலத்தில் மகனை ஊர் ஊராக ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர். யுத்தம் முடிந்து சில வருடத்தில், புதுக் காப்பெட் வீதியில், மோட்டார் சைக்கிளில் போன மகனை வேகமாக வந்த வான் அடித்துவிட்டது. "ஷெல்லுக்குத் தப்பின பிள்ளையை றோட்டுக்குக் குடுத்திட்டன்" என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

நம் நாட்டில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதி விபத்தில் இறக்கிறார்கள். நடந்து போகிறவர்களும் மோட்டார் சைக்கிள், ஓட்டோவில் போகிறவர்களும்தான் இவர்களில் அதிகம்.

வேகத்தின் கணக்கை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். 50இல் போகும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடும். 70இல் போனால் 19 மீற்றருக்கு மேல். பிரேக் பிடித்த பின் நிற்க எடுக்கும் தூரமோ ஏறக்குறைய இரண்டு மடங்காகும். கூடியது 20 கிலோமீற்றர்தானே என்று நினைப்போம். குறுக்கே ஓடும் பிள்ளைக்கு அதுதான் உயிர். சராசரி வேகம் நூற்றுக்கு ஒரு வீதம் கூடினால் உயிர்ச்சேத விபத்துக்கான ஆபத்து நூற்றுக்கு நான்கு வீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

அதிலும் நம் மாவட்டத்து வீதிகளில் மனிதர் மட்டுமா குறுக்கே வருகிறார்கள்? கந்தளாய்ப் பக்கம் இருட்டினால் யானை. தம்பலகாமத்து வயல் வெளிகளில் மாடு. நகருக்குள்ளோ, கோட்டைப் பக்கமிருந்து இறங்கி வரும் புள்ளிமான்கள். வெளியூர்க்காரர் அவற்றைப் பார்த்து வியந்து படம் எடுப்பார்கள். திருமலைச் சாரதிகள் மான் போகும்வரை ஹோன் அடிக்காமல் நிற்பார்கள். மானுக்காகக் காட்டும் அந்தப் பொறுமையை வீதியைக் கடக்கும் பிள்ளைகளுக்கும் காட்டினால் பல வீடுகளில் அழுகுரல் கேட்காது.

நாம் அறிந்திருக்க வேண்டியவை

பிடிபட்டால் பதறாதீர்கள். கருவியில் விழுந்த வேகத்தைக் காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள். சீட்டில் எழுதியது சிங்களத்தில் மட்டும் இருந்து விளங்காவிட்டால், தமிழில் விளக்கும்படி கேளுங்கள். 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. கேட்பது நம் உரிமை.

14 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிடுங்கள். தாமதித்தால் தொகை இரட்டிப்பாகும். 28 நாள் தாண்டினால் நீதிமன்றம் போக வேண்டிவரும். பிழை செய்யவில்லை என்று உறுதியாக இருந்தால் அதை நீதவான் முன் சொல்லவும் வழி உண்டு. பற்றுச்சீட்டு இல்லாமல் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். யாராவது கேட்டால் 1954 என்ற இலக்கத்தில் இலஞ்ச ஆணைக்குழுவுக்கு அறிவிக்கலாம். 2025 முதல் தண்டப்பணத்தைக் கைத்தொலைபேசி மூலம் உடனேயே கட்டி, அனுமதிப்பத்திரத்தை அந்த இடத்திலேயே திரும்பப் பெறும் முறை கட்டங்கட்டமாக ஆரம்பிக்கப்பட்டுள்ளது. பிடிபட்ட இடத்தில் அந்த வசதி உண்டா என்று கேளுங்கள். அது இருந்தால் ஓட்டோச் சகோதரிக்கு நேர்ந்த அலைச்சல் உங்களுக்கு வராது.

நம் மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் ஒன்று செய்யலாம். பாடசாலை, சந்தை, வைத்தியசாலை முன்னால் வேகப் பலகை இருக்கிறதா, மரக்கிளை மறைத்திருக்கிறதா என்று பார்த்து, பிரதேச செயலகத்துக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுக்கலாம். பொலிஸார் வளைவில் மறைந்து நிற்பதை விட, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அதன் வாசலில் நின்றால் எல்லோருக்கும் நல்லது என்பதையும் அதே கடிதத்தில் கேட்கலாம். சாவடியில் வாய் திறக்கப் பயந்திருந்த காலம் போய்விட்டது. இப்போது வாய் திறந்து கேட்க வேண்டியது, நம் பிள்ளைகள் பத்திரமாக வீதியைக் கடப்பதற்காக.