ஓசி வெண்கலம்

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒருத்தன், தில்லைநகரில் நான், இன்னும் ரெண்டு பேர். ராத்திரியானா வால்ஹெய்ம்தான். 2021-ல் ஒரு சின்ன ஸ்வீடன் குழு வெளியிட்ட கணினி விளையாட்டு. ஒரே உலகத்தில் 10 பேர் வரை சேர்ந்து பிழைத்துக் கிடக்கலாம்.

எனக்குப் பிடித்ததே அதில் செய்முறை திறக்கும் விதம். ஒரு பொருளுக்கு வேண்டிய மூலப்பொருள் எல்லாம் ஒருமுறையாவது நம் கைப்பட்டிருக்கணும். அப்புறம்தான் அது பட்டியலில் தலைகாட்டும். செம்பு ரெண்டு, வெள்ளீயம் ஒன்று சேர்ந்தால் ஒரு வெண்கலம். பாறையைக் கொத்தி, உலையில் உருக்கி, பட்டறையில் சேர்த்தது நான். ஸ்ரீரங்கத்துக்காரன்? நான் தரையில் போட்ட ஒரே ஒரு வெண்கலத்தைப் பொறுக்கினான். மரமும் தோலும் ஏற்கெனவே வைத்திருந்தான். கோடாரி, கவசம் எல்லாம் வரிசையாகத் திறந்துகொண்டது. (நன்றி சொன்னானா என்று கேட்காதீர்கள்.)

ரஸ்ட் என்ற இன்னொரு விளையாட்டில் இந்தப் பருப்பு வேகாது. ஆராய்ச்சி மேசையில் ஸ்கிராப்போடு வைத்தால் அசல் பொருள் அழிந்துதான் அதன் செய்முறை, அதாவது ப்ளூபிரிண்ட், வரும். படித்தவனுக்கு மட்டுமே அது. கூட்டாளிக்குத் தனியாக இன்னொன்று வேண்டும். வத்தக்குழம்புப் பொடிக்கு அளவு சொல்லாத மாமி மாதிரி. என் ஓட்டு வால்ஹெய்முக்கே.

எங்கள் உலகத்தில் இன்னும் 6 இடம் இருக்கு. திருச்சிக்காரங்க உள்பெட்டிக்கு வாங்க. முதல் வெண்கலம் நான் தர்றேன். அதுக்கப்புறம் செம்பை நீங்களே வெட்டிக்கணும்.