ஐந்தாமவர்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டு வந்த மாணவர்கள், என்னிடமிருந்து ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரரைப் பற்றிய கட்டுரையை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். சங்க இலக்கியமோ சிற்றிலக்கியமோ வரும் என்றே எண்ணியிருப்பார்கள். ஆயினும் சில ஆண்டுகளாக என் நெஞ்சில் தங்கிவிட்ட வழக்கு ஒன்று இருக்கிறது. அவ்வழக்கில் வாதிகள் பல இலட்சம் பேர், பிரதிவாதி ஒருவரே. அவர் பெயர் டேனி கிரீன். அவரை நான் நேரில் கண்டதில்லை. அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம், வளையத்தை நோக்கி எறிந்த பந்து வளையத்துக்குள் விழவில்லை என்பதே.

2019ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் கனடா நாட்டின் டொராண்டோ மாநகரில், அதன் கிழக்குப் பகுதியாகிய ஸ்கார்பரோவில், என் அக்காள் வீட்டில் தங்கியிருந்தேன். தமிழர்கள் நிறைந்து வாழும் பகுதி அது. அந்த நாள்களில் அவ்வூரில் எவரைச் சந்தித்தாலும் பேச்சு 'ராப்டர்ஸ்' அணியைப் பற்றியே இருந்தது. 1995இல் ஆடத் தொடங்கிய அணி. அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துக் கழகத்தின் முப்பது அணிகளுள் கனடாவைச் சேர்ந்தது அது ஒன்றுதான். அதுவரை ஒருமுறையேனும் இறுதித் தொடருக்குச் சென்றதில்லை. அந்த ஆண்டு மே 12ஆம் நாள், பிலடெல்பியா அணிக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடியில் கவாய் லெனார்ட் எறிந்த பந்து வளையத்தின் விளிம்பில் நான்கு முறை துள்ளி உள்ளே விழுந்தது. அந்த நான்கு துள்ளல்களுக்குப் பின் ஊர் உறங்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

கூடைப்பந்தில் ஓர் அணிக்குக் களத்தில் ஐவர். பன்னிரண்டு நிமிடம் கொண்ட நான்கு கால்பகுதிகள். எவரையும் எப்போதும் மாற்றிக்கொள்ளலாம். ஆயினும் ஆட்டம் தொடங்கும்போது நிற்கும் ஐவர்க்குத் தனி மதிப்பு உண்டு. அவர்கள் பெயரை ஒவ்வொன்றாக அழைத்து, விளக்கொளி பாய்ச்சி, களத்துக்கு வரவேற்கிறார்கள். அந்த ஆண்டு ராப்டர்ஸின் தொடக்க ஐவர் லெனார்ட், லவ்ரி, சியாகம், கசோல், கிரீன். முதல் நால்வரைப் பற்றி ஊரில் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை. ஐந்தாமவரைப் பற்றித்தான் வழக்கு.

கிரீன் பெரிய புள்ளிகளைக் குவிப்பவர் அல்லர். அவர்க்கு இரண்டு வேலைகள். எதிரணியின் சிறந்த எறிவாளரைத் துரத்தித் தடுப்பது ஒன்று. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே ஓரத்தில் நின்று, பந்து தம்மிடம் வரும்போது பிசகாமல் எறிவது மற்றொன்று. நாகசுரக் குழுவில் ஒத்து ஊதுபவரைப் போன்ற நிலை. அவர் ஊதிக்கொண்டிருக்கும் வரை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மூச்சு அறுந்தால் பந்தலே திரும்பிப் பார்க்கும்.

அவ்வாண்டின் வழக்கமான ஆட்டப் பருவத்தில் கிரீன் எறிந்த மூன்று புள்ளி எறிவுகளுள் நூற்றுக்கு 45.5 கூடையில் விழுந்தன. அந்தக் கழகம் முழுவதிலும் இரண்டாவது இடம். ஏறத்தாழ இருநூறு கூடைகள். பின்னர் மில்வாக்கி பக்ஸ் அணியோடு கிழக்குப் பிரிவின் இறுதித் தொடர் வந்தது. ஆறு ஆட்டங்களில் 23 முறை எறிந்தார்; 4 விழுந்தன.

அதோடு ஊர் இரண்டாகப் பிரிந்தது. என் அக்காள் மகன் அப்போது பள்ளியிறுதி வகுப்பில் இருந்தான். தட்டில் இருந்த சோறு ஆறிப்போவதைக் கவனியாமல் என்னிடம் வாதிட்டான். "மாமா, இருபத்து மூன்றுக்கு நாலு! இவரை ஏன் இன்னும் முதலில் இறக்குகிறார்கள்? உங்கள் கல்லூரியில் ஒருவர் பாடமே எடுக்காமல் இருந்தால் விட்டுவிடுவீர்களா?" என்றான். (அக்கேள்விக்கு நான் விடை கூறவில்லை, கூறாமல் விட்டதற்குக் காரணம் உண்டு.) அவன் கட்சியினர் கிரீனை நீக்கிவிட்டு நார்மன் பவலையோ, பிரெட் வான்வ்லீட்டையோ தொடக்க ஐவருள் சேர்க்க வேண்டும் என்றார்கள்.

இவ்விடத்தில் வான்வ்லீட்டின் கதையைச் சற்று விரித்துரைக்க வேண்டும். வழக்கின் சுவையே இதில்தான் இருக்கிறது. 2016இல் கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுத்தபோது எவராலும் தேர்ந்தெடுக்கப்படாதவர் அவர். ஆறடி உயரம், அந்த ஆட்டத்தில் அது குள்ளம். பிலடெல்பியாத் தொடரில் அவருடைய எறிவுகள் அடியோடு பொய்த்தன. மே மாதத்தின் நடுவில் இதே ரசிகர்கள், இதே வாயால், 'வான்வ்லீட்டை வெளியே உட்கார வையுங்கள்' என்று முழங்கிக்கொண்டிருந்தார்கள். மே 20ஆம் நாள் அவர்க்கு ஆண் குழந்தை பிறந்தது. மறுநாள் ஆட்டத்தில் மூன்று முறை எறிந்து மூன்றும் விழுந்தன. அடுத்த ஆட்டத்தில் ஒன்பதுக்கு ஏழு. அதற்கடுத்து ஐந்துக்கு நான்கு. பதினேழுக்குப் பதினான்கு! குழந்தை பிறந்த நேரம் என்று தேநீர்க் கடையில் பேசிக்கொண்டார்கள். கடல் கடந்தும் நம்மவர் நம்மவரே. பத்து நாளுக்கு முன் எவரை வெளியேற்ற வேண்டும் என்றார்களோ, அவரையே கிரீனின் இடத்தில் நிறுத்த வேண்டும் என்று இப்போது கேட்டார்கள். முதல் இரண்டு ஆட்டங்களைத் தோற்ற ராப்டர்ஸ் அடுத்த நான்கையும் வென்று, மே 25ஆம் நாள் முதன்முறையாக இறுதித் தொடருக்குள் நுழைந்தது.

வீட்டுக்கு அருகில் 'டிம் ஹார்ட்டன்ஸ்' கடை ஒன்று. அங்கே மாலைதோறும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் அமர்ந்திருப்பார். ஊரில் இளமைக் காலத்தில் வலைப்பந்து வளையத்தில் கூடைப்பந்து ஆடியவராம். இளைஞர்கள் கிரீனைத் திட்டிக்கொண்டிருந்தபோது அவர் குவளையை வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பியவை, அவன் போடேல்லை எண்டதை எல்லாரும் எண்ணுறியள். அவன் மறிச்சதை ஆர் எண்ணினது?"

அந்தக் கேள்வியை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்று முதல் ஆட்டத்தைப் பார்க்கும்போது பந்தைப் பார்ப்பதை விட்டுக் கிரீனை மட்டும் பார்க்கத் தொடங்கினேன். கடினமான பயிற்சி அது. கண் தானாகப் பந்தின் பின்னே ஓடும். ஆயினும் ஒரு கால்பகுதி முழுவதும் அவரையே பார்த்தால் வேறோர் ஆட்டம் தெரிகிறது. அவர் எறியத் தவறிய பின்னும் எதிரணியின் தடுப்பாட்டக்காரர் அவரைத் தனியே விட்டு வெகுதூரம் விலகிச் செல்லவில்லை. இருநூறு கூடை போட்டவரை நான்கு ஆட்டத் தவறுகளை நம்பிக் கைவிட எதிரி அணியின் பயிற்சியாளர் துணியவில்லை. அதனால் லெனார்ட் உள்ளே புகுவதற்கு வழி சற்று அகன்று கிடந்தது. சொந்த ஊர் ரசிகர் இழந்துவிட்ட நம்பிக்கையை எதிரி இழக்கவில்லை என்பது எனக்கு விந்தையாகப் பட்டது.

அமெரிக்கர்கள் இதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒருவர் களத்தில் நின்ற நேரத்தில் அவர் அணி பெற்ற புள்ளிகளையும் இழந்த புள்ளிகளையும் கழித்துப் பார்க்கும் கணக்கு அது. அந்தப் பருவம் முழுவதும் எடுத்துக்கொண்டால் அக்கணக்கில் கிரீன் மிக உயர்ந்த இடத்தில் இருந்தார். என் அக்காள் மகன் இதையும் ஏற்கவில்லை. "லெனார்ட் பக்கத்தில் நின்றால் யாருக்கும் அந்தக் கணக்கு ஏறும், மாமா" என்றான். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. எதிர்க்கட்சியின் வாதம் முழுவதும் மூடத்தனமானது என்று நான் சொல்ல வரவில்லை. எறிவாளர் எறியாவிட்டால் ஒரு கட்டத்துக்கு மேல் எதிரியும் விழித்துக்கொள்வான். பொறுமைக்கும் ஓர் எல்லை வேண்டும்.

பொருட்பாலில் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆளை ஆராய்ந்து தேர்வது முன்னது. தேர்ந்தவனிடம் வினையை ஒப்படைத்து நடத்துவது பின்னது. மேடைப் பேச்சாளர்கள் பெரும்பாலும் முன்னதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பயிற்சியாளர் நிக் நர்ஸுக்கு வாய்த்த சிக்கல் பின்னதைச் சார்ந்தது. அவர் செய்தது இரு கட்சிகளையும் முழுமையாக மகிழ்விக்கவில்லை. தொடக்க ஐவரில் கிரீனின் இடத்தை எடுக்கவில்லை. ஆனால் அவருடைய நிமிடங்களைக் குறைத்து, நெருக்கடியான நேரங்களை வான்வ்லீட்டிடம் கொடுத்தார். முதலில் நிற்பவர் யார் என்பதைப் பற்றியே நாங்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் நிற்பவர் யார் என்பதே பெரிய வினா என்று அவர் அறிந்திருந்தார்.

ஜூன் 5ஆம் நாள், ஓக்லாந்தில், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்கு எதிரான இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டம். கிரீன் பத்து மூன்று புள்ளி எறிவுகள் எறிந்தார், ஆறு விழுந்தன. ராப்டர்ஸ் 123-109 என்று வென்றது. அன்றிரவு என் அக்காள் மகன் வாய் திறக்கவில்லை. நானும் அவனைச் சீண்டவில்லை; அடுத்த ஆட்டம் என்ன கொண்டுவரும் என்று எவருக்குத் தெரியும்?

கொண்டுவந்தது. ஜூன் 13ஆம் நாள் ஆறாவது ஆட்டத்தில் கிரீன் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. வான்வ்லீட் 22 புள்ளி எடுத்தார். அவற்றுள் 12 கடைசிக் கால்பகுதியில். ஒரு புள்ளி முன்னணியில், 9.6 நொடி எஞ்சியிருக்க, கிரீன் கொடுத்த பந்து துணைவர் கைக்குச் செல்லாமல் களத்துக்கு வெளியே போயிற்று. பந்து ஸ்டீபன் கரியின் அணிக்கு! ஸ்கார்பரோவின் அந்தச் சிறிய கூடத்தில் அப்போது எழுந்த ஓலத்தை எழுத்தில் வடிக்க இயலாது. கரி எறிந்தார்; விழவில்லை. 114-110. வாகை டொராண்டோவுக்கு. கரியின் அந்த ஓர் எறிவு உள்ளே போயிருந்தால், கிரீனின் பெயர் அந்நாட்டில் என்ன பாடுபட்டிருக்கும் என்று நான் அன்று எண்ணிப் பார்த்தேன். விடை அறிய நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதில்லாமற் போயிற்று.

அடுத்த பருவத்தில் கிரீன் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்குச் சென்றார். பெருந்தொற்றின் காரணமாக 2020இன் இறுதித் தொடர் புளோரிடாவில், ரசிகர்கள் இல்லாத அரங்கில் நடந்தது. அக்டோபர் 9, ஐந்தாவது ஆட்டம். மயாமி அணி 109க்கு எதிராக அல்ல, 108க்கு எதிராக 111 என்று முடித்த ஆட்டம். ஆனால் கடைசி நொடிகளில் வேறுபாடு இன்னும் சிறியது. லெப்ரான் ஜேம்ஸ் உள்ளே புகுந்தபோது மயாமியார் பலர் அவரைச் சூழ்ந்தனர். அவர் வெளியே தனித்து நின்ற கிரீனிடம் பந்தைக் கொடுத்தார். அருகில் எவரும் இல்லை. விழுந்திருந்தால் அத்துடன் வாகையே கைக்கு வந்திருக்கும். பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பியது. தெறித்த பந்தைப் பிடித்த மோரிஸ் என்பவர் அதை எவருக்கும் எட்டாமல் எறிந்து வீணாக்கினார். அதை இன்று நினைவில் வைத்திருப்பவர் சிலரே.

அதன்பின் நிகழ்ந்ததை விளையாட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிரீனுக்கும், அவருக்கு மணம் பேசியிருந்த பெண்ணுக்கும் கொலை மிரட்டல்கள் வந்தன. இதை அவரே வெளிப்படையாகக் கூறினார். ஓர் எறிவு. வேறொருவர் வீட்டுப் பெண். 'இவரை அடுத்த ஆட்டத்தில் இறக்காதே' என்பது கருத்து. அதைக் கூற எவர்க்கும் உரிமை உண்டு, என் அக்காள் மகனுக்கும் உண்டு. அந்தக் கருத்து எந்த இடத்தில் கருத்தாக இருப்பதை விட்டது என்று நான் தேடிப் பார்த்ததுண்டு. ஒரே நாளில் அவ்வாறு மாறுவதில்லை. முதலில் ஆட்டக்காரரின் பெயர் போய் எண் வருகிறது. பிறகு எண் போய் வசைச்சொல் வருகிறது. அதற்குப் பின் அங்கே மனிதர் ஒருவர் நிற்கிறார் என்பதே மறந்துபோகிறது.

லேக்கர்ஸ் பயிற்சியாளர் பிராங்க் வோகல் இரண்டு நாள் கழித்து ஆறாவது ஆட்டத்துக்குத் தொடக்க ஐவரை மாற்றினார். உள்ளே வந்தவர் அலெக்ஸ் கருசோ. வெளியே அமர்ந்தவர் உயர்ந்த உருவத்தினரான டுவைட் ஹாவர்ட். கிரீன் தம் இடத்திலேயே நின்றார். 106-93 என்று லேக்கர்ஸ் வென்றது. அவ்வணிக்கு அது பதினேழாவது வாகை, கிரீனுக்கு மூன்றாவது. 2014இல் சான் அண்டோனியோவில் ஒன்று, டொராண்டோவில் ஒன்று, இது ஒன்று. மூன்று வெவ்வேறு அணிகளில் வாகை சூடியவர்கள் அந்த ஆட்டத்தின் வரலாற்றில் மிகச் சிலரே.

அவர் இதற்குமுன் கண்டிராத வீழ்ச்சியும் அல்ல இது. 2009இல் 46ஆவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, மறு ஆண்டே அந்த அணியால் விலக்கப்பட்டவர். சான் அண்டோனியோவும் ஒருமுறை சேர்த்துச் சில நாளில் அனுப்பிவிட்டது. சிறிய ஊர்களின் இரண்டாம் நிலைக் கழகத்தில் ஆடித் திரும்பி வந்தார். 2013 இறுதித் தொடரில் 27 மூன்று புள்ளிக் கூடைகள் போட்டு அதுவரை இருந்த சாதனையை முறியடித்தார். அதே தொடரின் கடைசி இரண்டு ஆட்டங்களில் 19 எறிவுகளில் இரண்டே விழுந்தன, அணி தோற்றது. மறு ஆண்டு அதே பயிற்சியாளர் அதே மனிதரை அதே இடத்தில் நிறுத்தினார், வென்றார்கள்.

2024 அக்டோபரில் டேனி கிரீன் ஓய்வை அறிவித்தார். இப்போது டொராண்டோவில் வேலையில் இருக்கும் என் அக்காள் மகன் அச்செய்தியை எனக்குக் கைபேசியில் அனுப்பினான். அடியில் தன் சொந்தக் கருத்தாக '23க்கு 4' என்று மட்டும் எழுதியிருந்தான். '10க்கு 6' என்று நான் பதில் அனுப்பினேன்.