பேர் போட்ட படம்

எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1909-ல் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்று ஏழு தொகுதிகள் வெளியிட்டார். சனங்களின் மண்டையை அளந்தார், மூக்கை அளந்தார், படமும் பிடித்தார். படத்துக்குக் கீழே பெரும்பாலும் சாதிப் பேர்தான் இருக்கும். ஆளோட பேர் இருக்காது.

அதுக்கப்புறம் எங்க பொம்பளைங்களை யார் படம் எடுத்தாங்க? 1993-ல் தேர்தல் ஆணையம் புகைப்பட அட்டை கொண்டுவந்ததே, அந்த அட்டைக்குத்தான் எங்கம்மா முதல் தடவையா கேமரா முன்னால உட்கார்ந்தாள். அதுவரைக்கும் எங்க சேரியில் படமென்றால் பொணத்தைச் சாத்தி வெச்சு எடுக்கிறதுதான்.

அதனால்தான் ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாளுக்கு, எங்க இரவுப்பள்ளிச் சுவரில் தெருப் பெண்களின் படங்களை மாட்டினோம். கிழவி முதல், போன தையில் வாக்கப்பட்டு வந்த பொண்ணு வரைக்கும். வாக்கப்பட்டு வந்தவளை எங்க தெருவிலும் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முப்பது வருசம் உழைச்சாலும் அவள் போளூர்க்காரி, செய்யாத்துக்காரி. ஊர்த்தெருவில் அதுவும் கிடையாது, 'ஏ புள்ள'தான்.

"உசிரோட இருக்கிறவளை எதுக்குச் செவுத்துல மாட்டுறீங்க?" என்று ஒரு பெரியவர் மறித்தார். போளூர்க்காரி விடவில்லை: "செத்தப்புறம் மாட்டுனா நான் எப்பிடி மாமா பாக்குறது?"

ஆண்டை வீட்டுத் திண்ணையில் உட்கார முடியாதவள், நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். படத்துக்குக் கீழே சாதி இல்லை, புருசன் பேர் இல்லை. அவள் பேர் மட்டும். எங்க பிள்ளைங்க இப்போ எழுத்துக்கூட்டிப் படிப்பது அதைத்தான்.