குறுக்கே விழுந்த முத்திரை

தேரூர்,
தை மாதக் கடைசி

அன்புள்ள மருமகள் பார்வதிக்கு,

மாமா எழுதிக்கொள்வது. மாமிக்கு முட்டுவலி பழையபடிதான். எண்ணெய் தேய்க்கச் சொன்னால் என்னைத் திட்டுகிறாள். அந்தத் தெம்பு இருக்கும்வரை கவலையில்லை. கும்பப்பூ கதிர் பழுக்கத் தொடங்கியாச்சு, மாசியில் அறுப்பு. உன் அம்மாதான், நீ கோயம்புத்தூரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று என்னிடம் கேட்டுக் கேட்டு வெப்ராளப்படுகிறாள். அவளுக்கே ஒரு போன் போட்டால் என்ன பிள்ளே?

இனி உன்னைத் திட்ட வேண்டிய சோலி. எதிர்வீட்டுப் பையன் கோணம் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறான் அல்லவா? போன வாரம் ஒரு ஜெராக்ஸ் கட்டோடு வந்தான். உன் மாணவர்களுக்கு நீ எழுதிய டயோடு பாடம், மேலே உன் பெயர். எனக்கு ஒரே பெருமை. அடுத்த பக்கத்தைப் புரட்டினால், சர்க்யூட் படத்தின் குறுக்கே கோடாலி விழுந்த மாதிரி ‘பகிரக் கூடாது’ என்று ஒரு முத்திரை! ஜெராக்ஸ் கறுப்பும் அதோடு சேர, எது ரெசிஸ்டர், எது எழுத்து என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

உன் கோபம் எனக்குத் தெரியும் மக்களே. ராத்திரி கண் முழித்து எழுதிய பாடத்தை எவனோ ஒருத்தன் தன் பெயர் போட்டுச் சுற்றுக்கு விட்டான். சவத்தை விடு என்று சொல்லமாட்டேன், அது களவுதான். ஆனால் முத்திரை அவனுக்கு ஒரு தடையா? அதைத் துடைத்தெடுக்க அவனுக்குத் தெரியும். இந்தப் பையனுக்குத்தான் தெரியாது.

நீ எப்படிப் படித்தாய், யோசி. பரீட்சைக் காலத்தில் என்.பி.டி.இ.எல். வீடியோக்களைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை விடாமல் பிடித்துக்கொள்வாய். 2003-ல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸியும் சேர்ந்து தொடங்கிய வேலை அது. சென்னை ஐ.ஐ.டி. அதில் முன்நின்றது. பாடம் பார்க்கக் காசில்லை, பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். அதையும் நீ வாங்கவில்லை. அந்த வாத்தியார்கள் கரும்பலகைக்குக் குறுக்கே முத்திரை அடித்திருந்தால் உன் கதி என்ன?

அமெரிக்காவில் எம்.ஐ.டி. தன் பாடங்களை எல்லாருக்கும் திறந்துவிடப் போவதாக 2001-ல் அறிவித்தபோது நான் நூலகத்தில் வேலையில் இருந்தேன். விற்கிற படிப்பைச் சும்மா கொடுத்தால் எவன் பணம் கட்டிச் சேருவான் என்று எங்கள் அறையில் பெரிய வாக்குவாதம். எனக்கு அது அதிசயமாகவே படவில்லை. 1998 பொங்கலுக்கே தமிழில் மதுரைத் திட்டம் வந்தாச்சு. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் என்ற வேதியியல் விஞ்ஞானியும், நாடு நாடாகச் சிதறிக் கிடந்த தமிழர்களும் சம்பளமில்லாமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். ஒருத்தர் தட்ட, அவரை முகம் பார்த்திராத இன்னொருத்தர் பிழை திருத்துவார். எங்கள் அலமாரியில் பூச்சி அரித்த நூல் திரையில் முழுசாக வந்து நின்றதைப் பார்த்த சந்தோஷத்தை உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்!

டெல்லி ஜெராக்ஸ் கடை வழக்கைச் சொல்லியிருக்கிறேனா? டெல்லி பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி என்றொரு கடை. பாடத்திட்டத்தில் இருந்த அத்தியாயங்களைப் பல புத்தகங்களிலிருந்து எடுத்து, ஒரே கட்டாக்கி மாணவர்களுக்குக் கொடுத்தது. 2012-ல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்சிஸ் மூன்றும் கோர்ட்டுக்குப் போயின. 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், கற்பித்தலுக்காக எடுக்கிற நகல் காப்புரிமை மீறல் ஆகாது என்று வழக்கைத் தள்ளியது. மேல்முறையீட்டில் சில கேள்விகள் மறுபடி விசாரணைக்குப் போயின. அடுத்த வருஷம் பதிப்பகங்களே வழக்கை வாபஸ் வாங்கின. ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் அவ்வளவு தூரம் நின்றிருக்கிறார், நீ ஒரு கட்டுக்குப் பயப்படுகிறாய்.

ஆனால் வகுப்புக்கு நகல் எடுப்பதோடு காரியம் முடியாது. உன் பாடத்தை வேறொரு டீச்சர் தமிழில் பெயர்த்து, புது உதாரணம் சேர்த்து வெளியிட வேண்டுமென்றால் உன் அனுமதி வேண்டும். 1957 சட்டப்படி, எழுதின நிமிஷமே காப்புரிமை வந்துவிடுகிறது, பதிவுகூட வேண்டாம். நீ வாட்ஸ்அப்பில் சும்மா போட்டாலும் அந்த அனுமதி கிடைத்ததாக ஆகாது. அதனால் முதல் பக்கத்திலேயே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்று ஒரு வரி போடு. அதில் ‘சி.சி. பை’ வகை என்றால் யாரும் எடுக்கலாம், மாற்றலாம், உன் பெயரை மட்டும் சொல்லியாக வேண்டும். பெயரை எடுத்தவனுக்கு அந்த அனுமதியே ரத்து. உன் கள்ளனுக்கு அதுதான் மருந்து. மாற்றியதையும் அதேபோல் திறந்தே வைக்கச் சொல்லவும், விற்காதே என்று சொல்லவும் தனித்தனி வகைகள் உண்டு. ஒருதடவை கொடுத்தால் திரும்பப் பிடுங்க முடியாது, அதையும் யோசித்துக்கொள். வேலையின் பகுதியாக எழுதியது என்றால் உரிமை கல்லூரிக்குப் போகவும் வாய்ப்புண்டு. பிரின்சிபாலிடம் ஒரு வரி எழுதி வாங்கிவிடு.

மருமக்கள் வழி இருந்த காலமென்றால் என் சொத்து உங்கள் பக்கம் வந்திருக்கும். நம்ம ஊர்க் கவிமணியே அதைக் கேலி பண்ணி மான்மியம் பாடிவிட்டார். இப்போது உனக்குத் தர என்னிடம் புத்திமதிதான் மிச்சம்.

மார்ச்சில் திறந்த கல்வி வாரம் கொண்டாடலாமா என்று கேட்டிருந்தாய். 2012-லிருந்து உலகத்தில் பல ஊர்களில் நடக்கிறது, தாராளமாகச் செய். பிளெக்ஸ், பொன்னாடை, சிறப்பு விருந்தினர் மூன்றும் வேண்டாம். காரக்பூர் ஐ.ஐ.டி. நடத்தும் தேசிய மின்னூலகத்தையும், நம்ம தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தையும் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டு. எத்தனை பேர் பெயராவது கேட்டிருக்கிறார்கள் பார். பிறகு ஆளுக்கு ஒரு பாடம் எழுதித் திறந்து வைக்கச் சொல் உன் கூட்டாளிகளை. ‘தப்பு இருந்தால் மானம் போகுமே’ என்பார்கள். போகட்டும், திருத்த ஆள் கிடைக்குமே.

முதலில் நீ உன் டயோடு பாடத்தை முத்திரையில்லாமல், முடிந்தால் தமிழிலும், எனக்கு அனுப்பு. எழுத்துப்பிழை நான் பார்க்கிறேன். படம் விளங்குகிறதா என்று எதிர்வீட்டுப் பையன் சொல்லட்டும், அவன் வாய் சும்மா இருக்காது. வருகிற வாரம் செந்துளுவன் ஒரு சீப்பு கொடுத்தனுப்புகிறேன். எல்லாவற்றையும் ஹாஸ்டலில் பங்கு வைத்துவிடாதே, நீயும் இரண்டு தின்னு.

அன்புடன்,
மாமா