வெட்கம் திருடனுக்குத் துணை

திருட்டுக் கொடுத்தவன் வெட்கப்பட வேண்டுமா, திருடியவன் வெட்கப்பட வேண்டுமா என்று கேட்டால் சிறு பிள்ளையும் சரியான விடை கூறும். ஆயினும் நமது நடத்தை அவ்விடைக்கு ஒத்திருப்பதில்லை. இதற்குச் சாட்சி வெளியே தேட வேண்டுவதில்லை, நாமே போதும்.

2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் மாலை, கேமரன் மலையில் கம்போங் ராஜாவை அடுத்த தேயிலைத் தோட்டத்திலுள்ள நமது வீட்டில் இருந்தபோது, கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி ஒன்று வந்தது. அரசாங்க உதவித்தொகை நமக்கு அனுமதிக்கப்பட்டதாகவும், அன்றிரவுக்குள் விவரங்களை உறுதி செய்யாவிடில் தொகை கைநழுவும் என்றும் மலாய் மொழியில் எழுதி, கீழே ஓர் இணைப்பும் கொடுத்திருந்தனர். தொட்டோம். அரசாங்கச் சின்னத்துடன் ஒரு பக்கம் விரிந்தது. அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கின் பெயர், கடவுச்சொல் யாவற்றையும் கேட்ட வரிசைப்படி கொடுத்தோம். பின்னர் வந்த ஆறு இலக்க இரகசிய எண்ணையும் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் 1,200 வெள்ளி போயிற்று.

லயத்தில் பலருக்கும் மனு எழுதிக் கொடுப்பது நாம். பத்திரிகை படித்துச் சொல்வதும் நாம். 'இவருமா ஏமாந்தார்' என்று நாலு பேர் நகைப்பார்களே என அஞ்சி, வங்கிக்கு மட்டும் தெரிவித்துவிட்டு வாய் மூடிக்கொண்டோம். ஆறாம் நாள், கொழுந்து பறிக்கும் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து, "தம்பி, உதவிப் பணம் என்று வந்தது, பேரன் தட்டிக் கொடுத்தான். இப்போது கணக்கில் ஒன்றுமில்லையே, பார்த்துச் சொல்லப்பா" என்றார். அதே செய்தி, அதே இணைப்பு. முதல் நாளே நாம் பேசியிருந்தால் அப்பணம் பிழைத்திருக்கும். திருடன் பாதி வேலை செய்தான். மீதியை நமது கௌரவம் செய்து முடித்தது.

கல்லாதவரே ஏமாறுவர் என்பது வெறும் மூடநம்பிக்கை. 2021 டிசம்பரில் சிங்கப்பூரில் ஓ.சி.பி.சி. வங்கியின் பெயரால் வந்த போலிக் குறுஞ்செய்திகளை நம்பி ஏறத்தாழ 790 பேர் 1 கோடியே 37 லட்சம் சிங்கப்பூர் வெள்ளியை இழந்தனர். கல்வியும் வசதியும் மிகுந்த நகரம் அது. இத்திருட்டு எழுத்தறியாமையை நம்பி நடப்பதன்று. ஆசை, அச்சம், அவசரம் ஆகிய மூன்றையும் நம்பி நடப்பது. நம் முன்னோர் படித்தறியாத தாளில் கைநாட்டு வைத்துக் கடனில் அகப்பட்டனர். அந்த ஆறு இலக்க எண்ணே இக்காலத்துக் கைநாட்டு. அதை எவர் கேட்பினும் கொடுத்தலாகாது.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2022 அக்டோபரில் தேசிய மோசடி எதிர்ப்பு மையம் ஏற்பட்டது. அதன் எண் 997. 2023 மே 2 முதல் தனியார் அனுப்பும் குறுஞ்செய்திகளிலும், 2024 செப்டம்பர் 1 முதல் வணிக நிறுவனங்களின் குறுஞ்செய்திகளிலும் இணைப்புகள் தடுக்கப்பட்டன. திருடரோ வாட்ஸ்ஆப், டெலிகிராம் வழியே வருகின்றனர். வாசல் மாறிற்று, வேடம் மாறவில்லை. களவு போன பணம் கணக்குவிட்டுக் கணக்கு விரைந்து தாவுவதால், உடனே 997-ஐ அழைப்பவருக்கே அது மீள வழியுண்டு. வெட்கப்பட்டு வீணாக்கும் ஒவ்வொரு நாழிகையும் திருடனுக்கு நாம் தரும் நன்கொடை.

அன்று பெரியம்மாவிடம் நமக்கு நேர்ந்ததையும் ஒப்புக்கொண்டோம். அவர் கடிந்து பேசவில்லை. "உனக்குமா, தம்பி?" என்றார், அவ்வளவே. மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் தமக்கு நேர்ந்ததை எல்லாரும் கேட்கச் சொன்னார். அதன்பின் அந்த லயத்தில் எவரும் அந்த இணைப்பைத் தொடவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த நாம் ஆறு நாள் துணியாததை, கைநாட்டு வைக்கும் அந்த அம்மையார் ஒரே காலையில் செய்து முடித்தார். அறிவுடைமை எது என்பதைத் தோழர்களே தீர்மானித்துக்கொள்க.