மொக்கை கார்டுக்கு ஒரு மரியாதை

எந்த டீம்லயும் ஒரு ஒப்புக்குச் சப்பாணி இருப்பான். பேர் இருக்கும், பந்து மட்டும் கைக்கு வராது. மேஜிக் த கேதரிங் விளையாடுறவங்க வீட்டு டப்பாவைத் திறந்தா இப்படி நூத்துக்கணக்கான கார்டுகள் தூங்கிட்டிருக்கும். இந்தப் பதிவு அதுங்களுக்காக :-)

ஆட்டம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: 1993-ல் வந்த சீட்டாட்டம். ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. மானாதான் செலவுக் காசு. டெக்கை நாமளே கட்டணும். குறைஞ்சது 60 கார்டு, அடிப்படை நிலங்கள் தவிர எதுவும் 4-க்கு மேல கூடாது.

2006-ல் டார்க் டெப்த்ஸ்னு ஒரு நிலக் கார்டு வந்துச்சு. மேல 10 பனிக்கட்டி கவுன்ட்டர். ஒண்ணை எடுக்க 3 மானா. பத்தும் போனா 20/20 பலத்தோட ஒரு பறக்கும் பூதம் வரும், ஒரே அடியில ஆட்டம் க்ளோஸ். ஆனா மொத்தம் 30 மானா! அதுக்குள்ள எதிராளி ஜெயிச்சு, டீ குடிச்சுட்டே வந்துருவான். 2009-ல் வேம்பயர் ஹெக்ஸ்மேஜ் வந்தது. விலை 2 மானா. தன்னையே பலி கொடுத்து ஒரு கார்டு மேல இருக்குற எல்லா கவுன்ட்டரையும் கழட்டிரும். 2011-ல் மாடர்ன்ங்கிற போட்டி முறை தொடங்கினப்ப, முதல் தடைப் பட்டியல்லயே டார்க் டெப்த்ஸ் இருந்துச்சு. அந்தக் கார்டுல ஒரு எழுத்துகூட மாறலை. கூட்டாளி கிடைச்சான், அவ்வளவுதான்.

'புது கார்டு வந்த அதிர்ஷ்டம்'னு சொல்லலாம். சரி, லான்டர்ன் ஆஃப் இன்சைட்டைப் பாருங்க. 2004-ல் வந்தது, 1 மானா. ரெண்டு பேர் கட்டிலும் மேல் கார்டு எல்லார் கண்ணுக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய? 2012-ல் வந்த கோடெக்ஸ் ஷ்ரெட்டர், ஒருத்தர் கட்டோட மேல் கார்டைக் குப்பைக்கு அனுப்பும். என்ன கார்டுன்னே தெரியாம அனுப்பி என்ன லாபம்? தனித்தனியா ரெண்டும் மொக்கை.

சேர்த்து வெச்சா கதையே வேற. எதிராளிக்கு நல்ல கார்டு வருதா, தள்ளி விடு. உதவாதது வருதா, "எடுத்துக்கோ ராசா". அவன் என்ன எடுக்கணும்னு நாம முடிவு பண்றோம்! கூடவே என்ஸ்னேரிங் பிரிட்ஜ்: நம்ம கையில இருக்குற கார்டு எண்ணிக்கையை விட பலம் அதிகமான எதுவும் தாக்க முடியாது. கையைக் காலி பண்ணிட்டு உக்காந்தா போதும், கட்டு தீர்ந்து அவனே தோப்பான்.

2015-ல் ஓக்லஹோமா சிட்டி கிராண்ட் பிரீயை சாக் எல்சிக் இந்த டெக்கோட ஜெயிச்சார். 2018-ல் பில்பாவ் ப்ரோ டூரை லூயிஸ் சால்வாட்டோ ஜெயிச்சார். 2020-ல் இதுக்கு வேகம் கொடுத்த மாக்ஸ் ஓபலை மாடர்ன்ல தடை பண்ணினதும் ஆட்டம் அடங்கிருச்சு. ஆனா யோசிங்க, 2012-லேயே விளக்கும் ஷ்ரெட்டரும் பல பேர் டப்பாவுல கிடந்ததுதானே?

அதுக்காக எல்லா மொக்கையும் மாணிக்கம்னு சொல்ல வரலை. முக்கால்வாசி நிஜமாவே மொக்கைதான். 60-ல் 4 உதவாத கார்டு வெச்சா, சுமார் 40 சதவீத ஆட்டங்கள்ல முதல் 7 கார்டுலயே ஒண்ணாவது வந்து நிக்கும். பாவம் பார்த்துச் சேர்த்தா அடி நமக்குத்தான்.

நான் சொல்ற மரியாதை வேற. கார்டை முழுசாப் படிக்கிறது. ஜெயிச்சவங்க பட்டியலைக் காப்பி அடிக்கிறப்ப நாம பேரைத்தான் படிக்கிறோம், கார்டுல எழுதியிருக்கறதைப் படிக்கிறதில்ல. 'இது நல்ல கார்டா'ன்னு கேட்டா 'இல்லை'ங்கிற பதில் ஒரு நொடியில வந்துரும். 'எந்த மாதிரி ஆட்டத்துல இது நல்ல கார்டு'ன்னு கேட்டா ஒரு ராத்திரி போயிரும். பதில் கிடைக்காமலும் போகலாம். ஆனா எனக்கு இந்த ஆட்டத்துல பிடிச்சதே அந்த ராத்திரிதான்.